உங்களுக்குத் தெரியுமா? குரோவேஷியப் பெயரடைகள்

▪ தமிழில் பையன், பெண், வீடு எதுவானாலும் ‘நல்ல’ மாறாது. குரோவேஷிய மொழியிலோ பெயரடையின் ஈறு, பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறும்.

▪ அங்கே உயிரற்றவற்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாம் பாலும் உண்டு. புதிய நகரம் ‘நோவி கிராத்’, புதிய வீடு ‘நோவா குச்சா’, புதிய கிராமம் ‘நோவோ செலோ’.

▪ வேற்றுமைகள் 7. தலைநகர் சாக்ரெப்பில் சாவா ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் பகுதி ‘நோவி சாக்ரெப்’. ‘நோவி சாக்ரெப்பில்’ என்று சொல்ல ‘ஊ நோவொம் சாக்ரெபு’ என்பார்கள். பெயரடையும் பெயரும் சேர்ந்தே மாறுகின்றன.

▪ ஆண்பால் ஒருமைச் சொல் செயப்படுபொருளாக வரும்போது உயிர் உண்டா என்பதும் கணக்கு. புதிய மேசையைப் பார்த்தால் ‘நோவி’. புதிய ஆசிரியரைப் பார்த்தால் ‘நோவோக்’.

▪ ஆள் பெயரும் பெயரடையாகும். இவானின் வீடு ‘இவானோவா குச்சா’, அனாவின் வீடு ‘அனினா குச்சா’. உரிமையாளர் ஆணோ பெண்ணோ, கடைசி ‘ஆ’ வீட்டின் பாலைக் காட்டுகிறது.

▪ குரோவேஷியர் தம் நாட்டைச் சொல்லும் ‘ஹர்வாத்ஸ்கா’ என்ற பெயரே வடிவில் ஒரு பெண்பால் பெயரடைதான். ‘குரோவேஷியாவில்’ என்பதற்கு அவர்கள் ‘ஊ ஹர்வாத்ஸ்கொய்’ என்று பெயரடை ஈற்றையே சேர்க்கிறார்கள்.