பெயராத குரு

ஆபு மலைக்குப் போகும் நம் சங்க அன்பர்கள் குருசிகரம் வரை ஏறி, தத்தாத்ரேயரைத் தரிசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். அதே சிகரத்தில் உள்ள வான் ஆய்வுக்கூடம், வேறு சூரியன்களைச் சுற்றும் ராட்சதக் கிரகங்களைத் தேடுகிறது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன்.

நட்சத்திரத்தின் பிரகாசத்தில் கிரகம் கண்ணுக்குத் தெரியாது. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குழந்தையின் கைகளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றும் தகப்பனாரைப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டம் போடும்; அவரும் சற்று ஆடுவார். அதுபோலக் கிரகம் இழுக்க, நட்சத்திரமும் ஆடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நூலிழை நகரும். அதை அளந்தால் கிரகத்தின் எடையைக் கணக்கிடலாம்.

வியாழன் நம் சூரியனை விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 வருடம். எனவே ராட்சதக் கிரகத்தைக் காணப் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்றே விஞ்ஞானிகள் எண்ணினார்கள். 1995-ல் ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மேயரும் டிடியே கெலோவும், பெகாசஸ் மண்டலத்தின் 51-ஆம் நட்சத்திரம் 4.2 நாளுக்கு ஒருமுறை ஆடுவதைக் கண்டார்கள். ஆட்டி வைப்பது, குறைந்தது வியாழனில் பாதி எடையுள்ள கிரகம்! நம் புதனுக்கே ஒரு சுற்றுக்கு 88 நாள் ஆகிறதே! கருவியில் கோளாறோ என்று முதலில் சந்தேகித்தார்கள். மாதக்கணக்கில் பொறுத்து, மறுபடி அளந்த பிறகே அறிவித்தார்கள். 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை பெரிய கிரகம் நட்சத்திரத்தின் அருகிலேயே பிறப்பது கடினம். பனிக்கட்டி நிறைந்த தொலைவில் திரண்டு, பிறகு உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. வரும் வழியில் பூமி போன்ற சிறு கிரகங்கள் இருந்திருந்தால் அவற்றின் கதி என்ன? விழுங்கப்பட்டிருக்கும், அல்லது தூக்கி எறியப்பட்டிருக்கும்.

2021-ல் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தார், குருசிகரத்திலுள்ள 'பாரஸ்' கருவியால் இத்தகைய ஒரு ராட்சதனைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஒரு வருடம் என்பது 3.2 நாள்தான்.

குருப்பெயர்ச்சி என்றால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் நம் குரு அப்படிச் சூரியனின் அருகே வரை பெயர்ந்து வராமல் தொலைவில் நின்றதால்தான் நமக்கு இங்கே இடம் கிடைத்திருக்க வேண்டும். அடுத்த முறை ஆபு போனால், இருட்டிய பின் சற்று நின்று வியாழனைத் தேடிப் பாருங்கள். பார்த்தபோது எனக்குக் கைகூப்பத் தோன்றியது.