செம்பா, செம்பு முலாமா? – வீட்டு டி.வி.க்கு நெட்வொர்க் கேபிள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கீழே கடை, மேலே வீடு என்று கட்டிக் குடியிருப்பவர்கள் நம் வணிகர்களில் நிறையப் பேர். ஃபைபர் இணைப்பின் பெட்டி பெரும்பாலும் கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும், டி.வி.யும் பாட்டுப் பெட்டியும் மாடிக் கூடத்தில் இருக்கும். நடுவில் கான்கிரீட் தளம். வை-ஃபை அலை அதைத் தாண்டுவதற்குள் வலுவைப் பெரிதும் இழந்துவிடும். படம் நின்று நின்று ஓடுகிறது என்று பிள்ளைகள் புகார் சொல்வார்கள். ஒரு நெட்வொர்க் கேபிளை மேலே இழுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் அந்தக் கேபிளை வாங்குவதில் நம்மவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். சிலர் தேவைக்கு மேற்பட்ட ரகத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். சிலர் நல்ல ரகத்தின் பெயர் அச்சிட்ட மட்டச் சரக்கை வாங்கிச் சுவருக்குள் புதைக்கிறார்கள். பின்னதுதான் பெரிய நஷ்டம்.

முதலில் ரகத்தைப் பார்ப்போம். கேட்-5இ என்ற கேபிள் 100 மீட்டர் தூரம் வரை விநாடிக்கு 1000 மெகாபிட் கொண்டு போகும். கேட்-6 அதையும் செய்யும். சுமார் 55 மீட்டருக்குள் அதைப்போல் பத்து மடங்கும் கொண்டு போகும். கேட்-8 என்பது கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கும் தரவு மையங்களுக்காக வந்தது. அதன் தூரமே 30 மீட்டர்தான். நம் வீட்டுத் தேவை எவ்வளவு? 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். சி.டி. தரத்துப் பாட்டுக்கு ஒன்றரை மெகாபிட்கூட வேண்டாம். பல டி.வி.களில் உள்ள கேபிள் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. ஆழாக்குப் பால் வாங்க அண்டாவைத் தூக்கிக்கொண்டு போவானேன்? ஏற்கெனவே 5இ போட்டிருப்பவர்கள் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். புதிதாகச் சுவருக்குள் போடுகிறவர்கள் 6 போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பாட்டு இனிமையாகக் கேட்கும் என்று சொல்லி, வெள்ளி பூசிய நெட்வொர்க் கேபிளைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். கேபிளில் வருவது எண்களாக மாற்றிய பாட்டு. அது சிறு சிறு கட்டுகளாக வருகிறது. நாம் லாரி ரசீதைப் பார்த்து மூட்டை எண்ணுவதுபோல, வாங்கும் கருவி ஒவ்வொரு கட்டையும் சரிபார்க்கும். குறைந்தால் மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும். லாரிக்கு வர்ணம் அடித்தால் அரிசிக்கு ருசி கூடுமா?

இனி முக்கியமான விஷயம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். அவை முழுச் செம்பாக இருக்க வேண்டும். சந்தையில் அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசிய கேபிளும் வருகிறது; தொழிலில் அதற்கு சி.சி.ஏ. என்று பெயர். கவரிங் நகை மாதிரிதான். ஆனால் கவரிங் விற்பவர் கவரிங் என்று சொல்லித்தான் விற்கிறார்! கேட்-5இ, கேட்-6 தரவிதிகள் இந்த முலாம் கம்பியை ஏற்பதில்லை. இருந்தும் பெட்டிமேல் '6' என்று அச்சிட்டு விற்கிறார்கள். இதில் மின் தடை செம்பைவிடப் பாதிக்கு மேல் அதிகம். கேபிள் வழியாகவே மின்சாரம் போகும் கண்காணிப்புக் கேமராவுக்கு இதைப் போட்டால் கம்பி கூடுதலாகச் சூடாகும். வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் ஒடியும்.

எங்கள் ஊர் மளிகைக்காரர் ஒருவர் புது வீட்டில் மூன்று அறைக்கும் கேபிள் போட்டார். ஒரு வருடத்தில் கூடத்து டி.வி.க்கு இணைப்பு நின்றது. ரூட்டரை மாற்றினார், டி.வி. மெக்கானிக்கை வரவழைத்தார். கடைசியில் சுவர்ப் பெட்டியைத் திறந்தால், கம்பி ஒடிந்து உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்! பைப்பில் மூன்று வளைவு. பழைய கேபிள் இழுக்க வரவில்லை. பட்டி பார்த்து வர்ணம் அடித்த சுவரை உடைத்தார்கள். கேபிளில் மிச்சம் பிடித்த பணம் கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்குக் காணவில்லை.

மிளகைத் தண்ணீரில் போட்டுப் பப்பாளி விதையைப் பிரிக்கத் தெரிந்த நமக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு கம்பியின் உறையை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். முழுச் செம்பு உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும். முலாம் என்றால் வெள்ளை தெரியும். எடையும் காட்டிக் கொடுக்கும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்துக்கு 2.7. ஒரே ரகத்தில் இரண்டு 305 மீட்டர் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தால், மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு உடனே தெரியும். சென்னை ரிச்சி தெருவானாலும் உள்ளூர் எலெக்ட்ரிகல் கடையானாலும், "முழுச் செம்பு" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சுவருக்குள் ஒற்றைக் கம்பிக் கேபிளே போட வேண்டும். பல இழைக் கேபிள் டி.வி.க்கும் சுவர்ப் பெட்டிக்கும் இடையே வெளியில் கிடக்கும் சிறு துண்டுக்கு மட்டும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க எலெக்ட்ரீசியனை விடாதீர்கள். தனிப் பைப் கேளுங்கள். பூச்சு வேலைக்கு முன்பே ஒரு முனையை ரூட்டரிலும் மறு முனையை லேப்டாப்பிலும் செருகிப் பாருங்கள். இரண்டும் ஜிகாபிட் துளை உள்ளவையாக இருந்தால் இணைப்பு வேகம் 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று சேரவில்லை; முனையை வெட்டி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரு முழம் கூடுதலாக விட்டுச் சுருட்டி வைக்கட்டும். பின்னால் முனை கெட்டால் வெட்டி அடிக்க அந்த நீளம் வேண்டியிருக்கும்.