உங்களுக்குத் தெரியுமா? பாட்டை முன்நடத்தும் பேஸ் கிட்டார்

பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களின் திருவிழா மெல்லிசை மேடையில் பேஸ் கிட்டார் பின்வரிசைத் துணை. பல இசை வகைகள் கலந்த ஃப்யூஷனிலோ சில வேளை அதுவே நாயகன்!

● பேஸின் நான்கு தந்திகளும் சாதாரணக் கிட்டாரின் தாழ்ந்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை.

● அமெரிக்கர் ஜாக்கோ பஸ்டோரியஸ் 1976இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் பேஸையே மெட்டு பாட வைத்தார். அவருக்குப் புகழ் தந்தது மெட்டுக்கட்டை (ஃப்ரெட்) இல்லாத பேஸ்.

● கட்டை இல்லாததால் விரல் தடையின்றி வழுக்கும். சித்திரவீணையைப் போலக் கமகம் குழைந்து வரும்.

● ஏ.ஆர். ரஹ்மானின் பல பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ்.

● ரஹ்மானோடு மேடையேறிய பேஸ் கலைஞர் மோகினி டே, 2023இல் தன் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டார். அதில் பேஸ்தான் முதன்மை.

அடுத்த கச்சேரியில் அந்த ஆழ்ந்த ஒலிக்கும் காது கொடுங்கள்!