நோய் வந்த பிறகும் ராக் இசை கேட்கப் போகலாமா?

மருந்து, உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றிப் புறநோயாளர் பிரிவில் எல்லாரும் கேட்கின்றனர். மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. கேட்பவரும் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, எழுந்து நின்ற பிறகே தயக்கத்துடன் கேட்கின்றனர். "ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டு, நண்பர்களைப் பார்த்துவிட்டு வரலாமா?" என்பது அத்தகைய கேள்விகளுள் ஒன்று.

கொட்டாரத்தைச் சேர்ந்த ஐம்பது வயதுடைய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பத்து மாதங்களுக்கு முன் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது, நீரிழிவும் உண்டு. கல்லூரித் தோழர்கள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றனர். அவருக்குப் பிடித்த 'தைக்குடம் பிரிட்ஜ்' குழுவின் நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை அங்கே நடைபெறவிருக்கிறது. 2013ஆம் ஆண்டு கொச்சியில் தொடங்கப்பட்ட குழு அது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான கோவிந்த் வசந்தா, '96' திரைப்படத்தின் இசையமைப்பாளராகத் தமிழர்களுக்கு அறிமுகமானவர். கொட்டாரத்திலிருந்து திருவனந்தபுரம் சாலை வழியே ஏறத்தாழ 85 கிலோமீட்டர். தூரம் பெரிதன்று. ஆனால் வீட்டில் எழும் குரல் வேறு: "இந்த ஒடம்ப வச்சுக்கிட்டுப் பாட்டுக் கேக்கப் போணுமாக்கும்?"

அக்குரலில் இருப்பது கோபம் அன்று, அச்சம். அவ்வச்சம் பொருளற்றதும் அன்று. எனினும், நோய் கட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு இத்தகைய பயணத்தை மருத்துவம் பெரும்பாலும் தடுப்பதில்லை, முன்னேற்பாட்டையே கோருகிறது.

நண்பர்களும் மருந்தே

தனிமை மனத்தை மட்டும் வாட்டுவதன்று. முன்னர் வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2016ஆம் ஆண்டு 'ஹார்ட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. சமூக உறவுகள் நலிந்தவர்களிடம் மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய்க்கான வாய்ப்பு 29 விழுக்காடும், பக்கவாதத்திற்கான வாய்ப்பு 32 விழுக்காடும் கூடுதலாகக் காணப்பட்டதாக அது தெரிவித்தது. தனிமை ஒன்றே இதற்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வுகளைக் கொண்டு அறுதியிட இயலாது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு சமூகப் பிணைப்புக்கெனத் தனி ஆணையம் ஒன்றை அமைக்கும் அளவிற்கு இச்செய்தி கவனம் பெற்றுள்ளது.

மாரடைப்புக்குப் பின் பலர் தம் வட்டத்தைத் தாமாகவே சுருக்கிக்கொள்கின்றனர். திருமணங்களுக்குச் செல்வதில்லை, கோயில் கொடைக்குச் செல்வதில்லை, நண்பர்களின் தொலைபேசி அழைப்பையும் தவிர்க்கின்றனர். கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திரளோடு சேர்ந்து இசை கேட்பது நாஞ்சில் நாட்டாருக்குப் புதிய பழக்கமன்று. மேடையில் வில்லுக்கும் குடத்திற்கும் மாறாக கிட்டாரும் டிரம்ஸும் இருக்கின்றன, அவ்வளவே.

யார் இப்போது போகக் கூடாது?

சிலர் காத்திருப்பதே நல்லது. அண்மைய வாரங்களில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள். படுத்தால் மூச்சுத் திணறல் அல்லது கால் வீக்கம் உள்ளவர்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள். புற்றுநோய் மருந்துச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்று முதற்சில மாதங்களில் இருப்பவர்கள் ஆகியோர் நெரிசலைத் தவிர்க்க வேண்டும்.

மற்றவர்கள் பயணத்திற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லுங்கள். சமதளத்தில் அரைமணி நேரம் நடக்கவும் இரண்டு மாடி ஏறவும் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இன்றி உங்களால் முடிகிறதா என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர் முடிவெடுக்க அது துணைபுரியும். வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர், முறை தவறாத நாளாகப் பார்த்துப் பயணத்தை அமைக்க வேண்டும். நிகழ்ச்சிக்காக ஒரு முறையைத் தள்ளிப்போடுதல் கூடவே கூடாது.

பையில் இருக்க வேண்டியவை

இரண்டு நாள் பயணமாயினும் நான்கு நாள் மருந்து எடுத்துச் செல்லுங்கள். அது எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். வண்டியின் பின்பெட்டியில் வேண்டாம். ஸ்டென்ட் பொருத்தியவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை ஒரு வேளையும் விடக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் அவற்றை நிறுத்தினால் ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு நேரலாம்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பெரும்பாலும் நான்கு வாரங்கள் வரை 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத சூட்டில் வைத்திருக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் அது வீரியம் இழக்கும். பனிக்கட்டியை நேரடியாகத் தொடும்படி வைத்தால் உறைந்து கெடும். மருந்துச் சீட்டின் நகல், கடைசி இ.சி.ஜி., வீட்டாரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ இரவு முழுவதும் இரயிலில் செல்பவர்கள் கீழ்ப்படுக்கையைக் கேட்டுப் பெறுங்கள். நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணங்களில் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு சற்றுக் கூடும். இடையிடையே எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள்.

அரங்கினுள்ளே

ராக் நிகழ்ச்சிகளில் ஒலி பெரும்பாலும் 100 டெசிபெலைத் தொடும். மேடை அருகே அதனையும் கடக்கும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்று கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். அக்கணக்கின்படி 100 டெசிபெலுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடங்களே. இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்றும், காதடைப்பான்கள் கிடைக்க வேண்டும் என்றும், ஒலியற்ற ஓய்விடம் வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் வழிகாட்டியது. இசைக் கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். 'ஏசி/டிசி' குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், முற்றிலும் செவித்திறன் இழக்கும் அபாயம் இருந்தமையால் 2016இல் இசைப் பயணத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. ஆகவே ஒலிபெருக்கிகளிலிருந்து விலகி, வெளிவாயிலுக்கு அருகே அமருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் காதடைப்பான் ஒரு சோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்பிளாட்டின் போன்ற செவியைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் பெற்றவர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. இரத்தச் சர்க்கரை தாழும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றும். கூட்டத்தில் ஆடிப்பாடும்போதும் இவையே தோன்றும். ஆகவே இருட்டில் வேறுபாடு தெரியாமற்போகலாம். ஐயம் எழுந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது அதற்கு ஈடான குளுக்கோஸ் உடனே உண்ணுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். தேறவில்லையெனில் மீண்டும் உண்ணுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஒலிபெருக்கியின் மீது சாய்ந்து நிற்க வேண்டாம்; அதனுள் காந்தம் உண்டு. நுழைவாயிலில் சோதனைக் கருவியை மார்பின்மேல் நிறுத்திப் பிடிக்க வேண்டாம் என்று காவலரிடம் அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு விட்டுவிட்டு மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டும். அத்தகையோர் ஒளி மின்னத் தொடங்கியதும் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடிக்கொண்டு வேறுபக்கம் திரும்ப வேண்டும்.

டிரம்ஸின் அதிர்வு நெஞ்சில் மோதுவதை எல்லாரும் உணர்வர். இசை நின்றால் அது நிற்கும். இசை நின்றும் அழுத்தம் நீடித்தாலோ, இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர்ந்த வியர்வை வந்தாலோ வெளியே வந்து உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால் உட்கார்ந்தபடியே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லையெனில் 108ஐ அழையுங்கள். நிகழ்ச்சி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நண்பர் வீட்டில்

அரங்கைக் காட்டிலும் நண்பர் வீடே கடினமான இடம். அங்கே அன்பு மிகுதி. ஆகவே மறுப்பது கடினம். பொரித்த மீனும் மதுவும் முன்னே வைக்கப்படும். பேச்சு நள்ளிரவைக் கடக்கும். மாத்திரை நேரம் தவறும். நோயை நண்பர்களிடம் மறைப்பவர்களே இதில் மிகுதியும் இடறுகின்றனர். "எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஒன்பது மணிக்கு மாத்திரை, பத்தரைக்குத் தூக்கம்" என்று போனவுடனே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு உங்கள் மாத்திரையை நினைவூட்ட அங்கே நான்கு பேர் இருப்பர். சொல்லாவிட்டால் அவர்களே உங்களுக்கு மது ஊற்றித் தருவர்; குற்றம் அவர்களுடையதன்று. நிகழ்ச்சி முடிந்து அன்றிரவே வண்டியோட்டித் திரும்புவதைத் தவிருங்கள். இரவு அங்கே தங்கி, காலை உணவு உண்டு, பகலில் வாருங்கள்.

உடனிருப்போருக்கு

துணையாகச் செல்பவர் காவலராக மாற வேண்டியதில்லை. மருந்து நேரம், வெளிவாயில், அவசர எண் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டால், எஞ்சிய நேரம் முழுவதும் உங்களுக்கும் உரியது. நீங்களும் பாட்டைக் கேளுங்கள்.

படுக்கையில் இருக்கும் தாயையோ தந்தையையோ ஆண்டுக்கணக்காகப் பராமரிப்பவருக்கும் தோழியரைக் காணவும் பாட்டுக் கேட்கவும் விருப்பம் இருக்கும். அதைச் சொல்ல அவர் நாணுவார். ஒரு தாளில் மருந்து நேரம், உணவின் அளவு, புரட்டிப் படுக்க வைக்கும் நேரம், அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதுங்கள். உடன்பிறந்தவர் ஒருவரை முதல்நாளே வரவழைத்து, ஒரு நாள் முழுதும் அருகிருந்து பார்க்கச் செய்து, பிறகு புறப்படுங்கள். இரண்டு நாள் ஓய்ந்து திரும்பும் கைகள், ஓய்வே அறியாத கைகளைவிடப் பொறுமையாகப் பராமரிக்கும். குடும்பத்தாரும் அவர் கேட்கும்வரை காத்திராமல், "இந்த வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா" என்று முன்வந்து சொல்ல வேண்டும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவிற்கு வரும்போது, இக்கேள்வியை எழுந்து நின்ற பிறகு கேட்காதீர்கள். உட்கார்ந்தவுடனே கேளுங்கள். நாளையும் ஊரையும் சொல்லுங்கள். மருந்து அட்டவணையை அதற்கேற்ப எழுதித் தருவது எங்கள் பணி.