பெயரைக் கேட்குமுன் முள்ளை எண்ணுங்கள்

நெய்யாற்றில் தூண்டில் போட்டவர் தெரியாத மீன் ஒன்றைத் தூக்கிக்காட்டி, "இது என்ன மீன்?" என்று கேட்டால், படித்துறையில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லை ஊர்களில் குழப்பம் இன்னும் கூடுதல். இங்கே ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் புழங்குகின்றன. மீனுக்கும் இரண்டு மொழியிலும் பெயர் உண்டு. தமிழில் தேளி, மலையாளத்தில் காரி. தமிழில் விரால், மலையாளத்தில் வரால். தமிழ்நாட்டுச் சந்தையில் ஜிலேபி, இந்தப் பக்கம் சிலோப்பியா. இதற்கு நேர்மாறாக, 'பரல்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வகைச் சிறுமீன்கள் அடங்கிவிடுகின்றன.

அதனால் புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர் பெயரில் தொடங்கக் கூடாது. மீனின் உடம்பில் தொடங்க வேண்டும். உடம்பைச் சரியாகப் பார்த்துவிட்டால் பெயர் பின்னால் வந்து சேரும்.

கையும் படமும்

மீனைத் தொடுமுன் கையை ஆற்று நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். திரும்ப நீரில் விட்டாலும் அதற்கு நோய் தொற்றக்கூடும். மீசை உள்ள மீன் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. தேளிக்கும் கெளுத்திக்கும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பில் கூரிய முள் இருக்கிறது. தேளியின் முள்ளில் நஞ்சும் உண்டு. குத்தினால் கடுப்பு பல மணிநேரம் நிற்கும். குத்திவிட்டால் தோல் தாங்கும் சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கம் கூடினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பிறகு படம். மீனை ஈரமான இலையில் தலை இடப்பக்கம் வரும்படி பக்கவாட்டில் கிடத்துங்கள். துடுப்புகளை மெல்ல விரித்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். முழு உடம்பு, வாய், வால் என மூன்று படம் போதும். மீனைக் கையில் தூக்கிப் பிடித்து எடுக்கும் படத்தில் விரல்கள் துடுப்பை மறைத்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்து எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: செதிள் இருக்கிறதா? செதிள் இல்லாமல் மீசையோடு இருந்தால் அது கெளுத்திக் கூட்டம். அடுத்து முதுகைப் பாருங்கள். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை நீண்டு ஓடினால் முஷி இனம். முதுகில் விரல்நகம் அளவுக்கு ஒரு சிறு துடுப்பும், வயிற்றின் அடியில் நீண்ட துடுப்பும் இருந்தால் பெரும்பாலும் தேளி. முதுகில் முள்ளுள்ள துடுப்பும், அதற்கும் வாலுக்கும் இடையே சதை மேடு போல எலும்பில்லாத ஒரு சிறு துடுப்பும் இருந்தால் பெரும்பாலும் கெளுத்தி.

இரண்டாவது கேள்வி: செதிள் உண்டென்றால், துடுப்பில் முள் இருக்கிறதா? உடம்பு உருண்டு நீண்டு, தலை பாம்புத் தலை போலச் செதிளோடு இருந்து, முதுகிலும் அடியிலும் நீண்ட துடுப்புகள் ஒரு முள்கூட இல்லாமல் மென்மையாக இருந்தால் அது விரால் குடும்பம். பாம்பு போல நீண்டு, மூக்கு கூராகி, முதுகில் தனித்தனி முட்கள் வரிசையாக நின்றால் ஆரல். இதைப் பார்த்துப் பயந்து வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. ஆரல் பாம்பு அல்ல, நல்ல கறிமீன்.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது: கழிவுத் துவாரத்துக்குப் பின்னால் உள்ள அடித் துடுப்பில் எத்தனை முள்? தட்டையான அகல உடம்புள்ள மீன் கிடைத்தால் இதை எண்ணிப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். கரிமீனுக்கு அந்தத் துடுப்பில் 12 அல்லது 13 முட்கள். அதன் தம்பி போன்ற மஞ்சள் நிறப் பள்ளத்திக்கும் 12க்குக் குறையாது. ஜிலேபி என்கிற திலாப்பியாவுக்கு 3 மட்டுமே. 2010இல் கேரளம் மாநில மீனாக அறிவித்த கரிமீனையும், 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவையும் பிரித்துச் சொல்ல இந்த ஓர் எண் போதும். 9, 10 முள் எண்ணினீர்களா? செவுள் மூடியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ரம்பம் போல அறுத்தால் அது பனையேறிக் கெண்டை.

நான்காவது கேள்வி: எங்கே பிடித்தீர்கள்? நெய்யாறு அகஸ்திய மலையில் பிறந்து ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் கடலைச் சேர்கிறது. பூவாற்றை ஒட்டிய பகுதியில் உப்புநீர் ஏறும். அங்கே கழிமுக மீன்கள் வருவது இயல்பு. நெய்யாறு அணைக்கு மேலே பாறையும் வேகமுமாக ஓடும் நீரில் வேறு மீன்கள். வயல்வாய்க்காலிலும் குளத்திலும் காற்றைக் குடித்து வாழத் தெரிந்த விராலும் தேளியும் பனையேறியும். படத்தோடு இடத்தையும் நாளையும் எழுதி வைத்தால் பாதி விடை அதிலேயே இருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள்

புதியவர் முதலில் பார்ப்பது நிறம். அதுதான் அதிகம் ஏமாற்றும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் திலாப்பியா கறுத்து, தொண்டை வெளுத்து வேறு மீன் போலாகிவிடும். நிறமும் வயதும் தேர்ந்த அறிஞர்களையே தடுமாற வைத்திருக்கின்றன.

மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1865இல் கொச்சியில் கிடைத்த ஒரு குட்டி விரால் வகையை விவரித்தார். உடம்பில் இரண்டு கருங்கோடுகள் ஓடியதால் அதற்கு 'இருகோடு' என்று பொருள்படும் டிப்ளோகிராமா என்ற பெயர் அமைந்தது. வளர்ந்த மீனில் அந்தக் கோடுகள் மறைந்துவிடும். பிற்காலத்தில் அறிஞர்கள் பலர், இது தனி இனமே அல்ல, தென்கிழக்கு ஆசியாவில் வாழும் பெருவிரால்தான் என்று கருதினார்கள். 146 ஆண்டுகள் கழித்து, 2011இல், கேரள ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு ஒன்று மரபணுவோடு வால் துடுப்புக் கதிர்களையும் பக்கக்கோட்டுச் செதிள்களையும் முதுகெலும்புக் கணுக்களையும் எண்ணிப் பார்த்தது. இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று உறுதியானது. கோடு தந்த பெயரை மீட்டுக் கொடுத்ததில் எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. படித்துறையில் நீங்கள் முள்ளை எண்ணுவதும் அதே வேலைதான்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பெயர் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். நாட்டு முஷியென்றால், தேவைக்கு மிஞ்சியதை ஆற்றில் விடலாம். ஆப்பிரிக்க முஷியென்றால் விடவே கூடாது. ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, கண்ணில் பட்ட மற்ற மீன்களையெல்லாம் விழுங்கும் அதை வளர்க்க இந்தியாவில் தடை உள்ளது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்ததும் ஓடையில் கொட்டப்படும் சக்கர் மீனும் அப்படித்தான். உடம்பெல்லாம் கவசத் தகடு, வாய் அடிப்பக்கம். திருவனந்தபுரத்து ஆமயிழஞ்சான் தோட்டில் அது பெருகிக் கிடக்கிறது. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் சாலக்குடி ஆற்றில் தென்னமெரிக்க அரபைமாவே வலையில் விழுந்தது. இத்தகைய மீன் அகப்பட்டால் திரும்ப நீரில் விடாமலும் வேறு குளத்துக்குக் கொண்டுபோகாமலும், படத்தோடு மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

இடவப்பாதி மழையில் முட்டையிட வயலேறும் 'ஊத்த' மீன்களைப் பிடிக்கவும் கூடாது. கேரளத்தின் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்பிடிச் சட்டம் அதைத் தடுக்கிறது. அந்த ஒரு வயிற்றில்தான் அடுத்த ஆண்டு மீன் இருக்கிறது.

நான்கு கேள்விக்கும் விடை கண்ட பிறகும் பெயர் கிடைக்கவில்லையா? சோர்ந்துவிடாதீர்கள். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறை இருக்கிறது. உங்கள் மூன்று படங்களையும் குறிப்பையும் அங்கே காட்டலாம். பெருவெள்ளத்துக்குப் பிறகு மலப்புறத்து வயலில் ஒருவர் கண்டெடுத்த விசித்திர மீனின் படம் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. 2019இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதற்கென்று ஒரு தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது. மண்ணுக்கடியில் நிலத்தடி நீரில் வாழும் அந்த விரால் உறவுக்கு எந்தப் படித்துறையிலும் பெயர் இருந்ததில்லை. கண்டவர் அதைத் தூக்கிப் போடாமல் படமெடுத்ததால்தான் அதற்குப் பெயர் வந்தது.