விழிக்க மறந்த கணினி

கூத்துக் களரியிலே அரசன் தோன்றுமுன் கட்டியக்காரன் தோன்றுவான். அவன் சபையோருக்கு அரசன் வருகையை அறிவித்த பின்னரே அரசன் கொலுவுக்கு வருதல் வழக்கம். கட்டியக்காரன் வாராதொழிந்தால், முடி தரித்த அரசன் திரைக்குப் பின்னால் நின்றபடியே நிற்க வேண்டியதுதான். அரசனுக்கு ஊறு யாதுமில்லை. ஆயினும் கூத்துத் தொடங்காது.

கணினியினுள்ளும் இத்தகைய கட்டியக்காரன் ஒருவன் உளன். அவனுக்கு நிலைபொருள் என்று பெயர். மின்விசையை அழுத்தியவுடன் கணினியின் மூளையாகிய முறைவழியாக்கி விழித்துக்கொள்கிறது. ஆனால் தன்னோடு இணைந்துள்ள உறுப்புகள் யாவை, செய்ய வேண்டிய பணி யாது என்பன எவையும் அவ்வேளையில் அதற்குத் தெரியா. முன்னரே குறிக்கப்பட்ட ஓரிடத்துக்குச் சென்று, அங்கே எழுதியுள்ளதைப் படிக்க வேண்டும் என்ற ஒன்று மாத்திரமே தெரியும். அவ்விடம் தாய்ப்பலகையிலே பொருத்தப்பட்ட, விரல்நகத்தினும் சிறிய ஒரு சில்லு. அதில் எழுதப்பட்டிருப்பதே நிலைபொருள். அது நினைவகத்தைச் சோதிக்கிறது; விசைப்பலகையையும் திரையையும் எழுப்புகிறது; பின்னர் வன்தட்டிலே உறங்கும் விண்டோஸ், லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமையை அழைத்து வந்து அரியணையில் அமர்த்துகிறது.

இக்கட்டியக்காரனுடைய ஏட்டை இடையிடையே மாற்றி எழுத நேரிடும். புதிய உறுப்பொன்றைக் கணினி ஏற்கச் செய்வதற்கும், பாதுகாப்பிலே காணப்பட்ட குறையை நீக்குவதற்கும் தயாரிப்பாளர்கள் திருத்திய ஏடுகளை வெளியிடுகின்றனர். அவற்றைச் சில்லில் எழுதுவதை இற்றைப்படுத்தல் என்பர். அது சில நிமிட வேலை. ஆபத்தும் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே இருக்கிறது. பழைய எழுத்தை அழித்த பின்னரே புதிய எழுத்தை எழுத முடியும். பாதி எழுதிய நிலையில் மின்சாரம் நின்றுவிட்டாலோ, வேறு மாதிரிக் கணினிக்குரிய கோப்பைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டாலோ, பழைய ஏடும் இல்லை, புதிய ஏடும் இல்லை என்ற நிலை உண்டாகும். அடுத்த முறை விசையை அழுத்தும்போது விளக்கு எரியும்; விசிறி சுழலும்; திரையோ இருண்டே கிடக்கும்.

இந்நிலையை அடைந்த கணினியை ஆங்கிலத்திலே செங்கல் என்று கேலியாகச் சொல்வதுண்டு. அச்சொல்லை நம்பிப் பலர் நல்ல கணினியைக் கழித்துவிடுகின்றனர். அதனுள்ளே இருந்த கணக்குகளும் கடிதங்களும் குடும்பப் படங்களும் தொலைந்தனவென்று கலங்குவோரும் உளர். இரண்டும் தவறு. அழிந்தது கட்டியக்காரனின் ஏடு மாத்திரமே. அரசன் திரைக்குப் பின்னால் நலமாகவே இருக்கிறான்.

ஆதியில் இவ்விடர் இருக்கவில்லை. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில், இவ்வேடு 8 கிலோபைற் அளவினதாய்த் தொழிற்சாலையிலேயே சில்லிற் பதிக்கப்பட்டிருந்தது. அதனை எவராலும் அழிக்க முடியாது. பிழையிருப்பின் திருத்தவும் முடியாது. சில்லையே கழற்றி வேறொன்றை வைக்க வேண்டும். அதற்கு முன்னரே, 1971இல், இன்ரெல் நிறுவனத்தைச் சேர்ந்த டொவ் புரோமன் என்பார் புறஊதாக் கதிரால் அழித்து மீண்டும் எழுதத்தக்க சில்லொன்றை ஆக்கியிருந்தார். கதிர் உட்புகுவதற்கென அதன் முதுகிலே படிகச் சாளரம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. 1984இல் ஜப்பானிய நிறுவனமாகிய தொஷிபாவிற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா, மின்சாரத்தாலேயே ஒரு பகுதி முழுவதையும் ஒருங்கே அழிக்கத்தக்க நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். புகைப்படக் கருவியின் ஒளிவீச்சைப் போலக் கணத்தில் அழித்துவிடுவதால் அதற்குப் பிளாஷ் என்ற பெயர் வாய்த்தது. பின்னர் நிலைபொருளும் அவ்வகைச் சில்லிலேயே குடிபுகுந்தது.

எளிதில் எழுதத்தக்கது எளிதில் அழியத்தக்கதும் ஆகும். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26ஆந் திகதி இவ்வுண்மை உலகறிய வெளிப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் தைவானிலே தோன்றிப் பரவிய சீ.ஐ.எச். என்னும் வைரஸ் அன்று செயற்பட்டு, பற்பல கணினிகளின் வன்தட்டுகளைப் பழுதாக்கியதுடன், அவற்றுட் சிலவற்றின் நிலைபொருளையும் அழித்துவிட்டது. செர்னோபில் அணு உலை விபத்தின் ஆண்டுநிறைவு அன்றாகையால், அவ்வைரசுக்குச் செர்னோபில் என்ற பெயரும் வழங்கலாயிற்று.

இவ்விடருக்கு மாற்று யாது? உழவன் கண்ட மாற்றேதான். விளைந்த நெல் முழுவதையும் அவன் உரலில் இடுவதில்லை. எத்தகைய பஞ்சத்திலும் விதைநெல்லைத் தனியே கட்டி வைப்பான். கணினிப் பொறியியலாளரும் சில்லின் ஒரு சிறு பகுதியை இற்றைப்படுத்தலின்போது தொடாமல் விட்டுவைக்கும் முறையைக் கண்டனர். அச்சிறு பகுதியால் கணினி முழுவதையும் இயக்க முடியாது. ஆயினும் ஏடு பழுதடைந்துள்ளது என்பதை அறியவும், வெளியிலிருந்து நல்ல பிரதியொன்றைப் பெற்று எழுதவும் அது வல்லது. முன்னாளில் அப்பிரதி நெகிழ்தட்டில் வந்தது; இன்று பென் டிரைவில் வருகிறது.

இம்முறை பல வடிவங்களை எடுத்துள்ளது. தைவானின் கிகாபைற் நிறுவனம் தன் தாய்ப்பலகைகள் பலவற்றில் இரண்டு சில்லுகளை வைத்து, ஒன்று பழுதானால் மற்றதைக் கொண்டு மீளச் செய்தது. அந்நாட்டின் அசூஸ் நிறுவனம் இதற்கெனத் தனிப் பொத்தான் ஒன்றை அமைத்தது. முறைவழியாக்கியும் நினைவகமும் பொருத்தப்படாவிடினும், மின்சாரம் இருந்தாற் போதும், பென் டிரைவிலுள்ள ஏடு சில்லில் எழுதப்பட்டுவிடும். ஆப்பிள் நிறுவனம் தன் பழைய மக் கணினிகளுக்கு மீட்புக் குறுந்தட்டொன்றை வெளியிட்டது. மின்பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, விளக்கு மும்முறை விரைந்தும், மும்முறை மெதுவாகவும், மீண்டும் மும்முறை விரைந்தும் மின்னும். நடுக்கடலில் ஆபத்துற்ற கப்பல்கள் உதவி கோரி ஒலித்த மோர்ஸ் அடையாளமும் அதுவே.

இனி, இத்தகைய இடருக்கு உள்ளானோர் செய்யத்தக்கவற்றை வரிசையாக நோக்கலாம். முதலாவது, பொறுமை. திரை இருண்டிருப்பினும் எழுதும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். கணினி தானாகவே பலமுறை அணைந்து எழவுங் கூடும். ஆகையால் அரைமணி நேரமாவது காத்திருத்தல் நன்று. அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்துவதே பலருடைய இடருக்குக் காரணமாகிறது.

இரண்டாவது, காத்திருந்தும் பயனில்லையாயின், மின்னிணைப்பை நீக்கி, மேசைக்கணினியாயின் தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவான 3 வோல்ற்று மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி மீளப் பொருத்த வேண்டும். இதனால் பழைய அமைப்புக் குறிப்புகள் நீங்கும். ஏடு நன்றாயிருந்து குறிப்புகள் மாத்திரம் பிழைத்திருப்பின், இவ்வளவிலேயே கணினி எழுந்துவிடும்.

மூன்றாவது, விதைநெல்லை நாடுதல். நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியின் உதவியுடன், பழுதான கணினியின் மாதிரிப் பெயரை எழுத்துப் பிசகாமல் பார்த்து, அதற்குரிய கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே பெற வேண்டும். கோப்புக்கு இடவேண்டிய பெயரும், அழுத்தவேண்டிய விசைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பீ விசையையும் அழுத்திப் பிடித்தபடி மின்பொத்தானை அழுத்த வேண்டும். டெல் மடிக்கணினிகள் பலவற்றில் கொன்ட்ரோல், எஸ்கேப் ஆகிய விசைகளைப் பிடித்தபடி மின்னிணைப்பைக் கொடுக்க வேண்டும்.

இவையும் பலியாவிடின், கைதேர்ந்த திருத்துநரை நாடுவதே தக்கது. அவர் எட்டுக் கால்களையுடைய அச்சில்லின்மேல் கவ்வியொன்றைப் பொருத்தி, வெளியிலிருந்தே எழுதும் கருவியினால் ஏட்டைப் புதிதாக எழுதுவார். சில சில்லுகள் 3.3 வோல்ற்றிலும், வேறு சில 1.8 வோல்ற்றிலும் இயங்குவன; இதனை அறியாது கை வைத்தால் சில்லே கருகிவிடும். அன்றியும், பழுதான ஏட்டினுள்ளும் அக்கணினிக்கே உரிய தொடரிலக்கம் முதலியன எஞ்சியிருக்கலாம். ஆகவே அறிவுள்ள திருத்துநர் எழுதுமுன் பழையதை இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருப்பதைக் கண்டு, அதனைப் பத்திரப்படுத்திய பின்னரே அழிப்பார்.

வன்தட்டிலுள்ள ஆவணங்கள் அவசரமாகத் தேவைப்படின், அதனைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படிக்கலாம். ஆனால் அண்மைக்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பிற்லொக்கர் என்னும் பூட்டு இடப்பட்டுள்ளது. 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோல் இன்றி அப்பூட்டுத் திறவாது. நிலைபொருள் மாறியதும் கணினியே அத்திறவுகோலைக் கேட்பதுண்டு. எனவே இற்றைப்படுத்துமுன் அவ்விலக்கங்களைத் தாளில் எழுதி வைத்தலும், ஆவணங்களைப் பிறிதோரிடத்திற் பிரதி செய்தலும் இன்றியமையாதன. மடிக்கணினியின் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். மேசைக்கணினிக்குத் தடையில்லா மின்வழங்கி இருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட இலங்கையருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தேவையின்றி ஏட்டை மாற்றாதிருத்தலும், மாற்ற நேர்ந்தால் பழையதன் பிரதியைக் கைவிடாதிருத்தலும் நன்று. விதைநெல் வீட்டிலிருக்கும்வரை ஒரு போகம் பொய்த்ததனால் உழவன் நிலத்தை விற்றுவிடுவதில்லை. இருண்ட திரையைக் கண்டவரும் கணினியைக் குப்பைக்கு அனுப்புமுன், அதன் விதைநெல் எங்கே இருக்கிறதென்று ஒருமுறை தேடிப் பார்த்தல் வேண்டும்.