ஒரிஜினல் யார் கையில்?

நர்சிங் முடித்த பெண்ணுக்கு முதல் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு என்று பேசுகிறோம். அது பாதி உண்மைதான். திருச்சி, மதுரை, கோவை, சென்னை என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் ‘ஸ்டாஃப் நர்ஸ் தேவை’ என்ற அறிவிப்பு தொங்குகிறது. ஃப்ரெஷர்களும் வரலாம் என்று அதிலேயே போட்டிருக்கும். ஆள் எடுக்கிறார்கள், எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே நுழைவதற்கு அந்தப் பெண் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறாள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதல் தடை பதிவு. நான்கு வருட பி.எஸ்சி.யோ மூன்று வருட ஜி.என்.எம்.மோ, ரிசல்ட் வந்த மறுநாள் நர்ஸ் ஆகிவிட முடியாது. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், மிட்வைஃப்) எண் வாங்க வேண்டும். ப்ரொவிஷனல் சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட், பதிவு என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வங்கியில் கல்விக் கடன் வாங்கிய வீட்டுக்கு அந்த மாதங்கள் பெரிய பாரம். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை கட்டத் தொடங்க வேண்டும். வட்டியோ அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருக்கும். அதனால் எண் வரும்வரை காத்திருக்க முடியாத பெண்கள் ‘டிரெய்னி’ என்ற பெயரில் உள்ளே போகிறார்கள். ட்ரிப்ஸ் ஏற்றுவதும் நைட் டியூட்டி பார்ப்பதும் மற்றவர்களைப் போலத்தான். கையில் வருவது மட்டும் உதவித்தொகை.

வாக்-இன் நடக்கும் காலையில் எந்தப் பெரிய மருத்துவமனையின் வரவேற்பறைக்கும் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ. பலரும் வெளியூரிலிருந்து இரவு பஸ் ஏறி வந்தவர்கள். பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவித் தலை வாரியவர்கள். நர்சிங் சூப்பரிண்டெண்ட் முன்னால் போய் நின்றதும் கேள்விகள் வரும். பொட்டாசியத்தின் நார்மல் அளவு என்ன? சி.பி.ஆரில் எத்தனை அழுத்தத்துக்கு எத்தனை மூச்சு? ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைப்பாய்? நன்றாகப் படித்தவள் 3.5 முதல் 5 என்பாள், 30-க்கு 2 என்பாள், ஒரு நிமிடம் யோசித்து 42 என்பாள். கேள்விகள் நியாயமானவை. நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டவை. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை அடுத்த அறையில் தொடங்குகிறது. ஹெச்.ஆர். அறை. செலக்ட் ஆன சந்தோஷத்தில் உள்ளே போகும் பெண்ணிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம் பாண்ட். இடையில் விட்டால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும். “ஒரிஜினல் எல்லாம் இங்கேயே இருக்கட்டும்மா, முடிச்சுட்டுப் போகும்போது வாங்கிக்கலாம்.” பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி, கவுன்சில் பதிவுச் சான்றிதழ் எல்லாம் ஒரு கவருக்குள் போய் அலமாரியில் ஏறுகின்றன. பெரும்பாலும் ரசீதுகூடக் கிடையாது. அவள் கையெழுத்துப் போட்ட பாண்டின் நகலும் அவளிடம் இருக்காது. எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒரிஜினலைச் சரிபார்த்து அங்கேயே திருப்பிக் கொடுக்கும் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று பெண்ணும் நம்புகிறாள், பெற்றவர்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் இந்த வழக்கத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

நகையை அடகு வைத்தால் சீட்டாவது தருவார்கள், கையில் பணமும் வரும். இங்கே இரண்டும் இல்லை.

ஒரிஜினல் கையில் இல்லாதவளுக்கு என்னென்ன போகிறது என்று பாருங்கள். அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு என்றால் குறித்த தேதியில் ஒரிஜினலோடு போய் நிற்க வேண்டும். தொகுப்பூதியத்தில் தொடங்கினாலும் பின்னால் காலமுறை ஊதியம் வரும் என்று வீடே காத்திருக்கும் வேலை அது. மேல்படிப்புக்குச் சேரவும் ஒரிஜினல் வேண்டும். வளைகுடாவுக்குப் போக நினைப்பவளுக்கு அட்டஸ்டேஷன், சரிபார்ப்பு, லைசன்ஸ் தேர்வு எல்லாவற்றுக்கும் ஒரிஜினல்தான் ஆதாரம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிறவளுக்கு அங்கே அடுத்த வேலை தேடவும் அதுவே வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. வார்டில் தாங்க முடியாத நிலை வந்தாலும் அவளால் வெளியேற முடியாது. டபுள் டியூட்டி போட்டாலும், ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற அளவுகோல் காற்றில் போனாலும், மேலே இருப்பவர்கள் மரியாதை இல்லாமல் பேசினாலும், அலமாரியில் இருக்கும் அந்தக் கவரை நினைத்து வாயை மூடிக்கொள்கிறாள். தப்பாக எழுதப்பட்ட டோஸைக் கேள்வி கேட்க வேண்டியவள் நர்ஸ். அவளைப் பயத்திலேயே வைத்திருந்தால் அடிபடப்போவது நோயாளி.

சட்டம் என்ன சொல்கிறது? கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் பொருள் அல்ல, பாக்கிக்கு ஈடாக அதை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாண்ட் எழுதி வாங்குவதே செல்லாது என்று சொல்ல முடியாது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் தரப்படும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே என்கிறது. பாண்டில் இரண்டு லட்சம் என்று இருந்தால் இரண்டு லட்சமும் கட்டியே தீரவேண்டும் என்று பொருள் இல்லை. மருத்துவமனைக்கு நஷ்டம் என்றால் நீதிமன்றத்துக்குப் போகலாம். சான்றிதழைப் பூட்டி வைக்க அது உரிமை தராது.

நிர்வாகங்களுக்கும் ஒரு வாதம் உண்டு. புதிதாக வருகிறவளுக்கு ஆறு மாதம் வேலை பழக்குகிறோம், கேன்யுலா போடக் கை பழகியதும் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறாள், நோயாளிகளை யார் பார்ப்பது என்கிறார்கள். கஷ்டம் புரிகிறது. ஆனால் அவள் ஏன் போகிறாள் என்பதற்கான பதில் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் ஊதியத்துக்குக் கணக்கே போட்டுக் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசு நர்ஸ் வாங்கும் அளவு. 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதம். 50-க்கும் கீழே இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் நர்ஸ்கள் திரண்டு போராடியபின் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தார்கள். இங்கே நம் சிறு நகரங்களில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்துக்கு ஐ.வி. போடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். 1946-இலேயே வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய மாநிலம் இது. நியாயமான சம்பளம் கொடுத்து, தங்க ஒழுங்கான ஹாஸ்டல் கொடுத்து, வார ஓய்வையும் கொடுத்துப் பார்க்கட்டும். யாரையும் காகிதத்தால் கட்டி வைக்க வேண்டியிருக்காது.

வெளிநாட்டு ஆள்சேர்ப்பில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அந்த இரண்டு வருடம்தான் புதியவளின் பலவீனம் என்று எல்லோருக்கும் தெரியும். பாண்ட் முடியாமல் வெளியே வந்தால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கிடையாது என்ற மிரட்டலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. நர்சிங் படித்த பையன்களுக்கும் இதே கதைதான்.

இந்த வருடம் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களோடு வாக்-இன்னுக்குப் போகும் பெற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். சுய சான்றொப்பமிட்ட நகல் போதும் என்று பணிவாகவே சொல்லுங்கள். பணி நியமனக் கடிதம் இல்லாமல் டியூட்டியில் ஏறாதீர்கள். அதை எழுத்தில் தரவேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை என்று 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. பாண்டில் கையெழுத்துப் போட்டால் அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு வழியின்றி ஒரிஜினலைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், என்னென்ன கொடுத்தோம் என்று பட்டியலிட்டு, தேதியும் முத்திரையும் உள்ள ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில் வேலைக்குச் சேராமல் திரும்பி வருவதே மேல். அடுத்த வாக்-இன் அதே ஊரில் அடுத்த வாரமே இருக்கும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் முதலில் எழுத்தில் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே வக்கீல் உதவி இலவசம். போனில் கேட்க 15100.